பிளேட் வைத்த கையும் 20 லிட்டர் தண்ணீர் கேனும்

முறிந்த மேல்கை எலும்பை உலோகப் பிளேட் வைத்து இணைத்த ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம். கடை வைத்திருக்கும் ஒருவர் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். "ஒண்ணும் பண்ணலை டாக்டர், கேனைத்தான் தூக்கினேன்." 20 லிட்டர் தண்ணீர் கேன். எக்ஸ்ரேயில் பார்த்தால், எலும்பின் மேல் துண்டில் போட்டிருந்த மூன்று ஸ்குரூவும் எலும்பை விட்டுப் பிடுங்கிக்கொண்டு நின்றன. "அதான் பிளேட் வெச்சிருக்கீங்களே, அப்புறம் எப்படி?" என்றார் அவர் மனைவி. நியாயமான கேள்வி. அவர்களுக்குப் புரிகிற மாதிரி நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வீடு கட்டும்போது தளத்துக்குச் சென்ட்ரிங் அடிப்பார்களே, பிளேட் அந்த மாதிரி. கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்கும். இறுகுவது கான்கிரீட்டின் வேலை. எலும்பு சேர்வதற்குள் பாரம் ஏற்றினால் அத்தனை சுமையும் உலோகத்துக்கும் ஸ்குரூவுக்கும்தான் போகும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிந்துவிடும், இல்லையா? எலும்பு சேரத் தாமதமானால் டைட்டானியம் பிளேட்டுக்கும் அதே கதிதான்.

முழங்கையை மடக்கி நீட்டுவதும் தோளை மெல்ல அசைப்பதும் வேறு விஷயம். அவற்றைச் சீக்கிரமே தொடங்கச் சொல்வோம். கையைப் பொத்திப் பொத்தி வைத்தால் எலும்பு சேர்ந்தாலும் மூட்டு இறுகிப்போகும். எடை தூக்குவதுதான் கூடாது. எப்போது தூக்கலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் மூன்று மாதம் ஆகும்.

அந்த எக்ஸ்ரேயிலும் ஒரு குழப்பம் வரும். மாவுக்கட்டில் சேரும் எலும்பைச் சுற்றி மேகம் மாதிரி புது எலும்பு திரண்டு தெரியும். பிளேட்டால் இரண்டு முனைகளையும் இறுக்கி அழுத்திவிட்டால் அப்படித் திரளாது. முறிவுக் கோடு மெல்ல மங்கி மறையும், அவ்வளவுதான். "ஒண்ணுமே வளரலையே" என்று படத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. வளராமல் இருப்பதே அங்கே நல்ல அறிகுறி. ஆட்டுக்கால் சூப் குடிக்கலாமா என்று கேட்காத வீடே இல்லை. தாராளமாகக் குடியுங்கள். சிகரெட்டை மட்டும் விட்டுவிடுங்கள், எலும்பு சேர்வதை அது நிச்சயமாகத் தாமதப்படுத்தும்.

சரி, மேல்கை எலும்பு முறிந்தாலே ஆபரேஷனா? இல்லை. நடுப்பகுதியில் தோல் கிழியாத முறிவு என்றால் பலருக்குப் பிரேஸ் போதும். அமெரிக்காவில் சர்மியென்டோ என்ற எலும்பு மருத்துவர் 1977இல் எழுதிப் பரவலாக்கிய முறை அது. முதல் ஒன்றிரண்டு வாரம் மாவுக்கட்டு, வீக்கம் வடிந்ததும் மேல்கையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை. கை தொங்கும் எடையே எலும்பை நேராக்கும். 20 டிகிரி முன்பின் வளைவோடு சேர்ந்தாலும் சட்டைக்குள் தெரியாது. தோள்மூட்டு அதை ஈடுகட்டிவிடும். தொடை எலும்பில் இந்தச் சலுகை கிடையாது. ஆனால், பிரேஸ் போட்டால் சாய்ந்து உட்கார்ந்தபடியே வாரக்கணக்கில் தூங்க வேண்டும். அதற்குப் பயந்து பிளேட் கேட்பவர்களும் உண்டு.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், ரத்தக்குழாய் அறுந்தால், அதே கையில் முழங்கைக்குக் கீழேயும் முறிந்திருந்தால், பிரேஸில் எலும்பு நிற்கவில்லை என்றால் ஆபரேஷன்தான். எலும்புக்குள்ளே உலோக ராட் செருகும் முறையும் இருக்கிறது. பெரும்பாலும் தோள்பட்டைத் தசைநாரைத் துளைத்துத்தான் அதை இறக்க வேண்டும், சிலருக்குத் தோள்வலி தங்கிவிடும். நடுப்பகுதி முறிவுக்கு என் கை பிளேட்டைத்தான் தேடும்.

இந்த எலும்பில் எங்களைப் பயமுறுத்துவது எலும்பே இல்லை, அதன் முதுகை ஒட்டிச் சுற்றிக்கொண்டு இறங்கும் ரேடியல் நரம்பு. டீக்கடை மேசையில் கை மடக்கிப் பலம் பார்க்கும்போது 'டக்'கென்று முறித்துக்கொண்டு வரும் இளைஞர்களிடம் முதலில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டச் சொல்வேன். மணிக்கட்டு தொங்கிப்போய், விரல் எழவில்லை என்றால் நரம்பு அடிபட்டிருக்கிறது. பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும். முக்கால்வாசிப் பேருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானாகவே திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டுக்கு ஸ்பிளின்ட் போட்டு, விரல்களை மறு கையால் தினமும் நீட்டிவிட வேண்டும். புத்தூர் கட்டுக்குப் போகிறவர்களை என்னால் தடுக்க முடிந்ததில்லை. போவதற்கு முன் ஒருமுறையாவது இந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுப் போங்கள். கட்டு போட்ட பிறகு விரல் வீங்கி, மரத்து, வலி கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கடைக்காரருக்கு மறுபடி ஆபரேஷன் செய்தோம். நீளமான பிளேட், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு. உள்ளே எல்லாம் தழும்பு. எது சதை, எது நரம்பு என்று பிரித்தறிய முடியவில்லை. முதல் ஆபரேஷன் குறிப்பை நர்ஸ் உரக்கப் படித்தார்: 'நரம்பு பிளேட்டில் மேலிருந்து ஐந்தாவது துளையின் மேல் கடக்கிறது.' அந்த இடத்தை விட்டுவிட்டு, எட்டாவது துளைப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளைக் கயிறு மாதிரி அங்கேயேதான் இருந்தது. உங்கள் டிஸ்சார்ஜ் பேப்பரோடு அந்த ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு யாரோ அந்தக் கையைத் திறக்க வேண்டி வரலாம்.