பருந்துக்கு ஒரு குரல், கீரிக்கு ஒரு குரல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், மரச்சீனி (மரவள்ளி)ச் செடிகளின் அடியில் ஒரு பெட்டைக்கோழி எட்டுக் குஞ்சுகளுடன் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி நின்ற சேவல் திடீரென்று தலையை ஒருபுறம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. அடுத்த நொடி அதன் தொண்டையிலிருந்து இழுபட்ட ஒரு குரல் வந்தது. குஞ்சுகள் சருகோடு சருகாகப் பதுங்கின. தாய் செடியடியில் ஒடுங்கியது. செம்பருந்து ஒன்றின் நிழல் தரையைக் கடந்து போனது. அரை மணி நேரம் கழித்துக் கையாலையின் (மண் மதிலின்) மேல் ஒரு கீரியின் தலை தெரிந்தபோது, அதே சேவல் வேறொரு குரலை எழுப்பியது. அது துண்டுதுண்டாக, விடாமல், பக்கத்து விளை வரைக்கும் கேட்கும்படியான கொக்கரிப்பு. இம்முறை ஒரு கோழியும் ஒளியவில்லை. எல்லாம் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று கீரி இருந்த திசையையே பார்த்தன.

கோழி வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன இந்த வேறுபாட்டைக் கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகிய விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் மூவரும் சோதனை செய்து பார்த்து 1993இல் எழுதினார்கள். தனியாக வைக்கப்பட்ட பெட்டைக்கோழிகளுக்கு, பருந்தோ கீரியோ எதுவும் கண்ணில் படாத நிலையில், பதிவு செய்த சேவல் குரல்களை மட்டும் ஒலிக்கச் செய்தார்கள். வான் எதிரிக்கான குரலைக் கேட்ட கோழிகள் மறைவிடத்துக்கு ஓடின, குனிந்து பதுங்கின, மேல்நோக்கிப் பார்த்தன. தரை எதிரிக்கான குரலைக் கேட்டவை விறைத்து நிமிர்ந்து சுற்றுமுற்றும் நோட்டமிட்டன. அதாவது சேவல் வெறும் பயத்தில் கத்தவில்லை. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்ற செய்தி அந்தக் குரலுக்குள்ளேயே இருக்கிறது.

குரல்கள் இரண்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஓர் ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேரத்திலும் வலிமையிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டே அது எங்கிருந்து வருகிறது என்பதைக் காது கணிக்கிறது. சட்டென்று தொடங்கி வெட்டிவெட்டி ஒலிக்கும் குரலில் இந்தக் கணிப்பு எளிது. இழுபட்டு ஒலிக்கும் குரலில் கடினம். கீரியைப் பொறுத்தவரை, ‘உன்னைப் பார்த்துவிட்டேன், இனி உன் பதுங்கல் செல்லாது’ என்று அதற்கே தெரிவிப்பது கோழிக்கு லாபம். பருந்துக்குத் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதோ நேரடி நட்டம்.

சேவல் யாருக்காகக் கத்துகிறது என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. பெட்டை அருகில் இருக்கும்போது அது அதிகமாக எச்சரிக்கிறது. தனித்திருக்கும்போது பெரும்பாலும் மௌனமாகவே ஒதுங்கிவிடுகிறது. வீரம் என்று நாம் புகழ்வதில் கொஞ்சம் கணக்கும் கலந்திருக்கிறது. தான் செடிமறைவில் நிற்கும்போது அது நீளமாகக் குரல் கொடுக்கிறது என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. பெருக்கித் துடைத்த வெட்டவெளி முற்றம் பார்க்க அழகுதான். ஆனால் பருந்துக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. தோப்பில் அங்கங்கே குவித்த தென்னை ஓலையும், தாழ்வாகப் படர்ந்த செடிகளும், பத்தடிக்குள் ஓடி நுழைய ஒரு மறைவும் இருந்தால்தான் சேவலின் எச்சரிக்கைக்குப் பயன் உண்டு.

இந்தக் காவலின் தொடக்கம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. பொரிப்பதற்கு முந்தைய நாட்களில் குஞ்சு ஓட்டுக்குள் தலையைத் திருப்பிக் கிடக்கும் விதத்தில், வலக்கண் ஓட்டின் பக்கமாகவும் இடக்கண் உடலில் மறைந்தும் இருக்கும். ஓட்டை ஊடுருவும் வெளிச்சம் வலக்கண்ணுக்கு மட்டும் கிடைப்பதால் மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன: வலக்கண் மணியையும் கல்லையும் பிரித்தறிந்து கொத்தவும், இடக்கண் எதிரியைக் கண்காணிக்கவும். ஆஸ்திரேலியாவின் லெஸ்லி ரோஜர்ஸும் இத்தாலிய ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட சோதனையில், வெளிச்சம் பட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் இரை பொறுக்கிக்கொண்டே தலைக்கு மேல் நகர்ந்த பருந்து உருவத்தையும் கவனித்தன. முழு இருட்டில் பொரித்தவை இரண்டையும் சேர்த்துச் செய்யத் தடுமாறின. அடைக்கோழி அவ்வப்போது எழுந்து இரை தேடப் போகும்போது முட்டைகள் மேல் இயல்பாகவே வெளிச்சம் படுகிறது. அதிக முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அடைகாக்கும் குணமே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. நாட்டுப் பெட்டையோ 21 நாள் அடை இருந்து, பொரித்த பின் குஞ்சுகளைக் கேறிக் கேறி அழைத்துத் திரிகிறது.

ஆனால் இவ்வளவும் பகலுக்கு மட்டுமே. கோழியின் விழித்திரை வெளிச்சத்தில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மிகுந்தது. நமக்கு மூன்று வகை நிறக் கூம்புகள் என்றால் அதற்கு நான்கு. மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்களோ குறைவு. இருட்டியதும் எச்சரிக்கைக் குரல், இடக்கண் காவல், மறைவிடம் தேடும் ஓட்டம் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகின்றன. அந்த நேரத்தில்தான் மரநாய் தென்னையிலிருந்து இறங்குகிறது. பழந்தின்னி என்று பெயர் பெற்றாலும் கோழிக்கூடு திறந்திருந்தால் அது விடுவதில்லை. மூங்கில் பஞ்சாரம் பகலில் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும். இரவில் அதை நம்பக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில் கூட்டின் கதவைக் கொளுவாமல் நான் தூங்கிவிட்டேன். காலையில் ஐந்து கோழிகள் செத்துக் கிடந்தன. தின்னப்பட்டது ஒன்று மட்டும். அது விலங்கின் வெறி என்று அன்று நினைத்தேன். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் இதை விளக்கியிருக்கிறார். மிக இருண்ட இரவுகளில் கடற்காகங்கள் பறக்காமல் கிடந்த இடத்தில் நரிகள் தேவைக்கு மேல் கொன்று போட்டதை அவர் பதிவு செய்தார். பசி அடங்கினாலும் கொல்லும் தூண்டல் அடங்குவதில்லை. வழக்கமாக இரை ஓடிவிடுவதே அதற்குத் தடை. அடைபட்ட கூட்டில் அந்தத் தடையும் இல்லை.

ஆகவே கூட்டின் பாதுகாப்பைக் கோழியின் கண்ணை நம்பாமல் செய்ய வேண்டியிருக்கிறது. அறுகோணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதற்கு அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலை வேண்டும். முட்டைக்கு வரும் பாம்பையும் பெருச்சாளியையும் அது பெரும்பாலும் நிறுத்திவிடும். தோண்டும் விலங்கு சுவரின் அடியில்தான் மண்ணைப் பறிக்கத் தொடங்கும் என்பதால், வலையைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் படுக்க விரித்து மண் மூடுவது குறைந்த உழைப்பில் நல்ல பலன் தரும். கீரியையோ மரநாயையோ பொறி வைத்துக் கொல்வது 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர, வயல் எலியைத் தின்பதும் அதே கீரிதான்.

அந்தி மங்கும்போது கோழிகள் தாமாகவே கூடு திரும்பும். என் கூட்டத்தில் ஒரு சாம்பல் நிற விடைக்கோழி மட்டும் எப்போதும் பலாமரக் கிளையில் ஏறிவிடுகிறது. இருட்டிய பிறகு ஏணி போட்டு அதை எடுத்துவருவேன். பகலில் நிழல் பட்டாலே பத்தடி தள்ளிப் பாயும் அந்தக் கோழி, இரவில் இரு கைகளாலும் தூக்கும்போது சிறகைக்கூட அசைப்பதில்லை; நெஞ்சின் சூடு உள்ளங்கையில் பட, மெல்ல ஒருமுறை முனகிவிட்டு அப்படியே கிடக்கிறது.