இடிஞ்ச தெரு மாடல் செய்யணுமா? நிஜ இடிபாட்ட வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க

போன ஆடி மாசம், கச்சான் காத்து ஓயாம அடிச்சுக்கிட்டு இருந்த ஒரு சனிக்கிழமை, ஒன்பதாங்கிளாஸ் படிக்கிற பையன் ஒருத்தன் ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடத்துல இருந்து பஸ் ஏறி சாக்கு மூட்டையோட என் பட்டறைக்கு வந்தான். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ரெண்டாம் உலகப்போர்ல சிதைஞ்ச தெரு ஒண்ணு செய்யணுமாம், சாமான் எல்லாம் ரெடி அண்ணே, எப்படி ஒட்டுறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்கன்னு மூட்டைய அப்படியே தரையில கொட்டினான். உள்ள இருந்தது என்னன்னா, உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு நாலு துண்டு, ரெண்டு செங்கல், கடற்கரையில பொறுக்குன முருகைக்கல்லு (பவளக்கல்லு), கரையில கெடந்த பழைய வள்ளத்துல இருந்து உரிச்ச பெயிண்டு செதில் ஒரு கவர் நெறைய, அப்புறம் ஃபியூஸ் போன ட்யூப்லைட் ஒண்ணு. நான் என்ன ஏதுன்னு கேக்குறதுக்குள்ள சுத்தியல எடுத்து ஷீட்டு மேல ஒரு போடு போட்டுட்டான். காத்துக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் சாத்தி வச்சிருந்தேன், கதவு இடுக்கு வழியா விழுந்த வெயில் கீத்துல அந்தப் பொடி மெதுவா மேல எழும்பி அப்படியே நின்னுச்சு. அது அந்தப் பையனோட மூஞ்சி உயரத்துல தான் நின்னுச்சு.

அன்னைக்குப் பதறுனது இன்னும் எனக்கு அடங்கல, அதான் எழுதுறேன். பில்டருங்களுக்கு வீட்டு மாடல், டூரிஸ்ட் கடைக்குப் பாம்பன் பாலம், ஸ்கூல் காலேஜுக்கு எக்ஸிபிஷன் மாடல்னு பதினேழு வருஷமா இதுதான் எனக்குச் சோறு போடுது. இதுல இடிஞ்ச கட்டடம் மாதிரி நெஞ்சுக்குக் கேடு வேற எதுவும் கெடையாது. புது வீடு மாடல்னா வெட்டுவோம், ஒட்டுவோம், முடிஞ்சது. இடிஞ்ச தெருன்னா உடைக்கணும், தேய்க்கணும், பொடி தூவணும், மொத்தத்துல தூசிய உண்டாக்குறது தான் வேலையே.

மொதல்ல அந்த மூட்டையப் பத்திப் பேசிடுறேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு நம்ம ஊர்ல கோழிக்கூட்டுல இருந்து மாட்டுக்கொட்டாய் வரைக்கும் கெடக்கு, அதனால யாருக்கும் பயம் இல்ல. கூரையில ஒழுங்கா இருக்கறப்ப பெருசா நார் பறக்காது, ஆனா உடைச்சா, அறுத்தா, துளை போட்டா கண்ணுக்கே தெரியாத நார் காத்துல கலந்துடும், நுரையீரலுக்குள்ள போயிட்டா அப்புறம் அதை வெளிய எடுக்க வழியே கெடையாது. எந்த வகை ஆஸ்பெஸ்டாஸா இருந்தாலும் கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுவும் இன்னைக்கு நாளைக்கு இல்ல, 20 வருஷம் 40 வருஷம் கழிச்சு. பதினாலு வயசுல மூச்சுல இழுத்தது, அவன் பிள்ளைங்க படிச்சுக்கிட்டு இருக்குற வயசுல வந்து நிக்கும். ஒரே ஒரு தடவை தட்டுனதுக்கு கண்டிப்பா வந்துடும்னு நான் பயமுறுத்தல, ஆனா ஒரு எக்ஸிபிஷனுக்காக அந்த ரிஸ்க் எதுக்கு. அன்னைக்கு நான் செஞ்சது இதுதான், பையன வெளிய அனுப்பிட்டு, ஸ்பிரேயர்ல சோப்புத்தண்ணி எடுத்து துண்டு, தரை எல்லாத்தையும் நனைச்சு, ஈரத்துணியால துடைச்சு, துண்டு, துணி எல்லாத்தையும் ரெண்டு பாலித்தீன் கவருக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டினேன். வெளக்கமாறு மட்டும் எடுக்கவே கூடாது, கூட்டுனா படிஞ்சது மறுபடி எழும்பும்.

செங்கல் பொடி, எம் சாண்ட், சிமெண்டு பொடி இதுல எல்லாம் சிலிக்கா இருக்கு. கல்குவாரியில வேலை செஞ்சவங்களுக்கு வர்ற சிலிகோசிஸ்ங்கிற நுரையீரல் நோய் இதனால வர்றது தான், வந்தா குணமாகாது. 1997-லயே கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான பொருள்கள் வரிசையில சிலிக்கா தூசியச் சேத்துட்டாங்க. ஒரு பையன் ஒரு நாள் ஒரு செங்கல இடிச்சா சிலிகோசிஸ் வராது, ஆனா என்னைய மாதிரி தினம் இதே பொழப்பா இருக்கறவங்க, வாராவாரம் பத்துப் பிள்ளைங்கள உக்கார வச்சு கிளாஸ் எடுக்கறவங்க, நீங்க யோசிச்சே ஆகணும்.

வள்ளத்துல உரிச்ச பெயிண்டு சங்கதி நம்ம கரையோரத்துக்கே உள்ளது. செதில் செதிலா நீலமும் பச்சையும் அடுக்கா உரிஞ்சு வரும், பாத்தா பழைய சுவரோட பெயிண்டு உரிஞ்ச மாதிரியே இருக்கும், ஆசையாத் தான் இருக்கும். வீட்டு பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்ல தான், அது வீட்டு பெயிண்டுக்கு மட்டும், அதுக்கு முன்னாடி அடிச்ச வள்ளத்து பெயிண்டுல எவ்வளவு ஈயம் இருக்குன்னு யாரு கண்டா. ஈயம் பிள்ளைங்க மூளை வளர்ச்சியையே பாதிக்கும். செதில நுணுக்கி ஒட்டிட்டு அதே கையால பிஸ்கட்டு திங்கிற பிள்ளைங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். ட்யூப்லைட்டுல பாதரசம் இருக்கு, ஜன்னல் கண்ணாடி சில்லு வேணும்னு அதை உடைக்கவே உடைக்காதீங்க, பழைய ஓஹெச்பி ஷீட்ட, அதான் ப்ரொஜெக்டர்ல வைக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்ட, கத்தரிச்சா போதும், கையும் கிழியாது.

முருகைக்கல்லு வேற விஷயம். கரையில செத்துக் கெடக்குற பவளத்தை எடுத்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், 2001-ல பவளத்த அட்டவணை ஒண்ணுல சேத்துட்டாங்க, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவுல பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லின்னு ரெண்டு தீவு முங்கியே போச்சு, முருகைக்கல்ல வெட்டி வெட்டி எடுத்ததும் அதுக்கு ஒரு காரணம். அந்தக் கல்ல பள்ளிக்கூட மாடலுக்கு எடுத்துட்டுப் போறது எனக்கு மனசே கேக்கல, பையன்கிட்ட அதை எடுத்த எடத்துலயே போட்டுட்டு வரச் சொல்லிட்டேன்.

இதுல இன்னொண்ணு இருக்கு. நிஜ இடிபாட்ட வச்சா மாடல் நல்லாவும் இருக்காது. நாம செய்யறது பெரும்பாலும் ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு ஸ்கேல், அதாவது நிஜத்துல முப்பத்தஞ்சு சென்டிமீட்டர்னா மாடல்ல ஒரு சென்டிமீட்டர், மனுசன் அஞ்சு சென்டிமீட்டர் உசரம், கதவு ஆறு சென்டிமீட்டர், ஒம்போது இஞ்சு செங்கல் ஆறரை மில்லிமீட்டர் நீளம் மூணேகால் மில்லிமீட்டர் அகலம். இதுல ரெண்டு மில்லிமீட்டர் சரளைத் துண்டு ஒண்ணு விழுந்தா அது ஏழு சென்டிமீட்டர் கல்லு மாதிரி தெரியும், அதுவே குவியலா இருந்தா தெருவுல ஆத்துக்கல்லு கொட்டுன மாதிரி ஆயிடும். கடல் மணலும் வேண்டாம், கழுவாம ஒட்டுனா ஒரு மாசத்துல உப்புப் பூத்து வெள்ளையா நிக்கும், உள்ள வச்ச கம்பியும் துருப்பிடிச்சுரும்.

பையனுக்கு நான் காட்டிக் குடுத்தது இப்படி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ ஒரு சென்டிமீட்டர் கனத்துல தட்டா ஊத்தி, முழுசா காயறதுக்கு முன்னாடி, வெண்ணெய்க்கட்டி பதத்துல இருக்கறப்பவே ஊசியால செங்கல் வரிசைய கீறணும், ஓரத்த விரலால மெதுவா உடைக்கணும், அப்போ பொடியே பறக்காது. நம்ம கரையில காத்துல ஈரம் ஜாஸ்தி, இறுகுன பிளாஸ்டர் காய ரொம்ப நேரம் ஆகும், அந்த ஈரத்த நமக்குச் சாதகமா எடுத்துக்கணும். சுவர் பெரும்பாலும் செங்கலுக்கு நடுவுல இருக்குற கலவை ஜாயிண்டு வழியா படிப்படியா தான் உடையும், நடுச் செங்கல்ல நேர்கோடா உடையறது கம்மி. தனுஷ்கோடி சர்ச்ச போய்ப் பாருங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பாக்கலாம், ஆனா அது 1964 டிசம்பர் புயல்ல போனது, அப்புறம் அறுபது வருஷம் உப்புக்காத்து அரிச்சு ஓரமெல்லாம் மழுங்கிக் கெடக்கு. குண்டு விழுந்த சுவர் வேற மாதிரி, ஓரம் கூர்மையா இருக்கும், ஓட்டையச் சுத்தி சில்லு சில்லா தெறிச்ச தடம் இருக்கும். அதுக்கு வோல்காகிராட்ல, அதான் பழைய ஸ்டாலின்கிராட்ல, சேதமான மாதிரியே விட்டு வச்சிருக்குற, செங்கல்லால கட்டுன மாவு மில்லோட போட்டோவ பாருங்க, 1942 ஆகஸ்ட்ல இருந்து 1943 பிப்ரவரி வரைக்கும் நடந்த சண்டையோட அடையாளம் சுவர் முழுக்க இருக்கு. தரையில போடுற பொடிக்கு காஞ்ச டீத்தூள் சக்கை, கழுவி நொறுக்குன முட்டை ஓடு போதும். ஷீட்டு கூரைக்கு எல்ஈடி பல்பு டப்பாக்குள்ள வர்ற நெளி அட்டை அளவு கிட்டத்தட்ட பொருந்தும். எல்லாம் தூவி முடிச்சதும் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூணு பங்கு தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விடு கலந்து ஸ்பிரே பண்ணா அப்படியே உறைஞ்சுரும், ஒரு பொடி எழும்பாது.

பிளாஸ்டர்னு சொன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். அது தண்ணியில கலந்து இறுகுறப்ப சூடாகும், கனமா ஊத்துனா 60 டிகிரி வரைக்கும் போகும். 2007-ல இங்கிலாந்துல லிங்கன்ஷயர்ல ஒரு பதினாறு வயசுப் பொண்ணு ஆர்ட் கிளாஸ்ல கை அச்சு எடுக்கிறதுக்கு பிளாஸ்டர் வாளிக்குள்ள ரெண்டு கையையும் விட்டா, இறுகிப்போச்சு, வெளிய எடுக்க முடியல, கடைசியில பெரும்பாலான விரல எடுக்க வேண்டியதாப் போச்சு. எங்கிட்ட வர்ற ஒவ்வொரு டீச்சர்கிட்டயும் இதை நான் சொல்லாம விடமாட்டேன். பிளாஸ்டருக்குள்ள கைய விட்டுக் கலக்காதீங்க, பிள்ளைங்கள விடவே விடாதீங்க, குச்சியால கலக்குங்க. மிச்சத்த சிங்க்ல ஊத்தாதீங்க, தண்ணிக்குள்ளயும் இறுகும்.

தெர்மாகோல சூடான கம்பியால வெட்டுறோமே, அந்தப் புகையில ஸ்டைரீன்ங்கிற கெட்ட வாயு இருக்கு. ஆரம்பத்துல ராத்திரி பகலா ஜன்னல சாத்திக்கிட்டு வெட்டி, மண்டைவலியோட படுத்து எந்திரிச்ச நாள் எனக்கு நெறைய. சன்போர்டுங்கிற மாடல் அட்டை பிவிசி பிளாஸ்டிக், அதை சூட்டுக் கம்பியில வைக்கவே வைக்காதீங்க, கருகுனா ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது அமில வாயு, தொண்டையையும் கண்ணையும் எரிச்சுரும். கத்தியால வெட்டுங்க. ஃபெவிக்விக்க பஞ்சுலயோ காட்டன் துணியிலயோ கொட்டிட்டா குப்புன்னு சூடாகி புகையும், எனக்கு பனியன் மேல கொட்டி வயித்துல ரூபாய்க்காசு அளவு கொப்புளம் வந்துச்சு, தழும்பு இன்னும் இருக்கு. அது ஈரத்த வச்சு தான் பிடிக்கும், அதனால நம்ம ஊர்ல சீக்கிரமாவே பிடிக்கும், விரல் ஒட்டிக்கிட்டா பிச்சு இழுக்காம வெதுவெதுப்பான சோப்புத்தண்ணியில ஊறப்போடுங்க, கண்ணுல பட்டா இமைய இழுத்துத் திறக்காம தண்ணியால அலசிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போயிடுங்க.

மாஸ்க்னு சொன்னா கர்ச்சீப்ப கட்டிக்கிறாங்க. தூசிக்கு என்95 தான், அதுவும் மூக்குக் கம்பிய அழுத்தி ஓரம் இடைவெளி இல்லாம போட்டா தான். தின்னர், ஸ்பிரே பெயிண்டு வாடைக்கு என்95 உதவாது, கார்பன் ஃபில்டர் வச்ச மாஸ்க் வேணும், இல்லைன்னா வெளிய போய் காத்துக்கு முதுகு காட்டாம பக்கவாட்டுல நின்னு அடிங்க. முதுகு காட்டி நின்னா நம்ம உடம்பு மறைக்குற எடத்துல சுழிச்சு நம்ம மூஞ்சிக்கே வரும்.

ஸ்டாலின்கிராட் தெரு ஒண்ணு செஞ்சு திண்ணையில காயவச்சிருந்தேன், ரெண்டு வருஷம் ஆச்சு. மண்டபம் இலங்கை அகதிகள் முகாம்ல இருக்குற ஒரு அம்மா, எழுவது வயசுக்கு மேல இருக்கும், பேரன் கூட வந்தவங்க, ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "தம்பி, கதவெல்லாம் திறந்து கிடக்குது. நாங்கள் வெளிக்கிடேக்க பூட்டிப்போட்டுத்தான் வந்தனாங்கள். பிறகு போய்ப் பாத்த ஆக்கள் சொன்னவை, சுவருமில்ல கூரையுமில்ல, கதவில பூட்டு மட்டும் தொங்குதாம்." எனக்கு ஒண்ணும் பேச வரல. அன்னைக்கு ராத்திரியே செப்புக் கம்பிய வளைச்சு ஒரு பூட்டு செஞ்சேன். அஞ்சு சென்டிமீட்டர் பூட்டு நம்ம ஸ்கேல்ல ஒன்றரை மில்லிமீட்டர் கூட வராது, லென்சு வச்சுத் தான் ஒட்ட முடிஞ்சது. மாடல பாக்க வர்றவங்க எல்லாரும் அந்தக் கதவுகிட்ட தான் நிக்கிறாங்க. பதினேழு வருஷத்துல நான் கொட்டுன எந்தக் கல்லும் மண்ணும் அப்படி யாரையும் நிக்க வச்சதில்ல.

இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல விடாம இருந்தா, படி ஏறுறப்ப இளைச்சா, டாக்டர்கிட்ட போறப்ப என்ன வேலை செய்யறீங்கன்னு நீங்களாவே சொல்லுங்க, என்னென்ன பொடி, என்னென்ன பசை, எத்தனை வருஷம், எல்லாம். நான் மூணு வருஷம் சளி இருமல்னு மட்டுமே சொல்லி சிரப் வாங்கிக் குடிச்சேன், வேலையச் சொன்னதுக்கு அப்புறம் தான் ஊதிப் பாக்குற டெஸ்ட்டு எழுதிக் குடுத்தாங்க. வீட்ல ஆஸ்துமா பிள்ளை இருந்தா இந்த வேலைய அந்த ரூம்லயே செய்யாதீங்க.

பையன் அடுத்த ரெண்டு ஞாயித்துக்கிழமையும் வந்தான். ஜன்னல் ரெண்டையும் திறந்து வச்சு, டேபிள காத்து வர்ற ஜன்னலுக்குப் பக்கவாட்டா போட்டு, மூணு பக்கமும் அட்டை நிறுத்தி தடுப்பு கட்டிக் குடுத்தேன், தூசி எதிர் ஜன்னல் வழியா போயிடும், சாமானும் பறக்காது. அப்படியும் கச்சான் ரெண்டு குட்டிச் செங்கல தூக்கிட்டுப் போச்சு. மாஸ்க்க கழட்டாம கீழ குனிஞ்சு தேடிக்கிட்டே இருந்தான், விடுடா தம்பி, இன்னும் நானூறு இருக்குன்னேன்.