600 வாங்கியது கிட்டே போகவா?

பறவைப் படம் எடுக்கப் பழகுகிறவர்களை வார இறுதிகளில் ஏரிகளுக்கு அழைத்துப் போவது என் பிழைப்பு. பதினைந்து வருடமாக ஒரு விஷயத்தைப் பார்த்து வருகிறேன். 300 மி.மீ. லென்ஸ் (இந்த எண் கூடக் கூட தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்) வைத்திருப்பவரும் ஆட்காட்டிக் குருவியை நெருங்கி நெருங்கி, அது பறக்கும்வரை போகிறார். அடுத்த வருடம் கடன் வாங்கியாவது 600 வாங்கி வருகிறார். வந்து, அதே இடம்வரை போகிறார். லென்ஸ் நீண்ட அளவுக்கு ஆள் பின்னால் வர வேண்டாமா?

கணக்கு ரொம்பச் சின்னது. ஆட்காட்டி சுமார் 33 செ.மீ. நீளம். 600 மி.மீ. லென்ஸோடு 40 மீட்டர் தள்ளி நின்றால், கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சாரில் அது 5 மி.மீ. அளவுக்கு விழும். நம்மில் பலர் வைத்திருக்கும், சற்றுச் சின்ன சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் சென்சாரின் உயரமே 16 மி.மீ.தான். அதாவது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பறவை. ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி க்ராப் செய்தால் போதும். 40 மீட்டர் என்பது இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளம்.

"சார், அவ்வளவு தூரத்தில் ஷார்ப்பாக வருவதில்லையே" என்பார்கள். உண்மைதான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி லென்ஸ் அல்ல, கானல். ஏப்ரலில் காலை பத்து மணிக்கு வறண்ட ஏரியின் உள்வாயில் நின்று பாருங்கள். உங்களுக்கும் பறவைக்கும் நடுவே காற்று கொதிக்கிறது. எந்த விலை லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. லென்ஸில் கோளாறு என்று சர்வீஸுக்குக் கொடுத்து, ஒன்றுமில்லை என்று திரும்ப வாங்கி வந்தவர்கள் மூன்று பேரை எனக்கே தெரியும். காரில் ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தாலும் இதே கதைதான். உள்ளே குளிர்ந்த காற்று, வெளியே சூடு, இரண்டும் ஜன்னலில் கலக்கும். விடிந்ததிலிருந்து எட்டு எட்டரை வரை எடுங்கள். அப்புறம் டிபன் சாப்பிடப் போகலாம்.

நானும் யோக்கியன் இல்லை. ஆரம்ப நாட்களில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரியில் ஆட்காட்டி முட்டைகளைப் பார்த்தேன். கூடு என்று ஒன்றும் கிடையாது. லேசான பள்ளம், சுற்றிச் சில கூழாங்கற்கள், மண்கட்டியின் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள், கூர்முனை உள்பக்கம் பார்க்க. பத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டேன். தாய் வந்து உட்காரும், எடுத்துவிடலாம் என்று எண்ணம். அது தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. இறங்கும், நாலடி ஓடும், மறுபடி எழும். மணி பதினொன்று. நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தேன்.

எனக்கு அப்போது தெரியாதது இதுதான்: நம் வெயிலில் ஆட்காட்டி முட்டையின் மேல் உட்காருவது சூடேற்ற மட்டும் அல்ல. உச்சி நேரத்தில் நிழல் கொடுக்கவும்தான். தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். அந்த நாற்பது நிமிடமும் முட்டைகள் சுடுமண்ணில் கிடந்தன. அடுத்த வாரம் போனபோது முட்டைகள் அப்படியே இருந்தன. உட்கார யாருமில்லை, எறும்பு மொய்த்திருந்தது. என்னால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தப் படங்களை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தை வகுப்பில் படித்துக் காட்டுவேன். கொல்வது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது என்ற வரிசையில் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் இருக்கிறது. கேமரா வைத்திருந்தால் விலக்கு என்று எங்கும் இல்லை. படம் தெளிவாக வர வேண்டுமென்று கூட்டை மறைக்கும் இலையை ஒடிப்பவர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் அமைதியாகிறார்கள். அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை. காக்கையின் கண்ணுக்குத் திரையும் அதுவே.

சரி, எவ்வளவு தூரம் சரியான தூரம்? மீட்டரில் சொல்ல மாட்டேன். பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். ஆட்காட்டி தலையை மேலும் கீழும் வெட்டினால் இரண்டடி பின்னால் வாருங்கள். கழுத்து நீண்டு, உடம்பு ஒடுங்கி, எச்சமும் போட்டுவிட்டால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டிக் கூட்டத்தை எழுப்புகிறவர்கள் தனி ரகம். கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையின் எடை சுமார் முப்பது கிராம். ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை நம் சேற்றில்தான் சேர்க்கிறது. அதை எழுப்பாமலே பறக்கும் படம் எடுக்க வழி உண்டு. பறவை காற்றை எதிர்த்துத்தான் மேலெழும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, ஷட்டரை ஒரு நொடியில் 2000-இல் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டு காத்திருங்கள். அதுவாகக் கிளம்பும்போது உங்கள் பக்கம் முகம் காட்டிக்கொண்டே எழும். வேடந்தாங்கலில் இந்தக் கவலையே இல்லை. நவம்பர், டிசம்பருக்கு மேல் கரையில் நின்றாலே போதும், கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருக்கும். 1790களிலேயே கலெக்டரிடம் போய், இங்கே யாரும் சுடக்கூடாது என்று எழுதி வாங்கிய ஊர் அது.

கூட்டின் படத்தை இடத்தோடு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஆந்தை என்றால் இன்னும் மோசம். மறுநாளே ஏழெட்டுக் கார் நிற்கும்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. நடப்பதைவிடக் காருக்குள் இருப்பது நல்லது. பறவைகள் மனித உருவத்துக்குப் பயப்படுகிற அளவு வண்டிக்குப் பயப்படுவதில்லை. எஞ்சினை அணைத்துவிடுங்கள், அதிர்வு படத்தில் தெரியும். ஜன்னலில் லென்ஸை வைக்க முக்காலி உதவாது. ஒரு பை வேண்டும். கடையில் ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். என்னுடையது பழைய ஜீன்ஸின் ஒரு கால். இரண்டு முனையையும் தைத்து இரண்டு கிலோ கேழ்வரகு நிரப்பியது. ஒரு ஐப்பசியில் நனைந்த பையைக் காரிலேயே மறந்துவிட்டேன், உள்ளே முளை விட்டிருந்தது. இப்போது கேழ்வரகை முதலில் பிளாஸ்டிக் கவரில் கட்டி, அப்புறம்தான் உள்ளே போடுகிறேன்.