அருவியில் விழுவது எந்த மழையின் தண்ணீர்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தேயிலை மலை முடிந்து காட்டுக்குள் ஏறினால் ஒரு சின்ன அருவி. பெயர்கூடக் கிடையாது. மாசியில் மழையே இல்லாதபோதும் விழுகிறது. மழை பெய்தால் சற்று நேரத்தில் பொங்கிவிடுகிறது. எங்கிருந்து வருகிறது இவ்வளவு தண்ணீர்?"

மாசித் தண்ணீருக்குப் பதில் எளிது. மலையகத்தின் அடிப்பாறை நைஸ், சார்னோகைட் என்ற இறுகிய பாறை வகைகள். மழைநீர் அதன் வெடிப்புகளிலும், மேலே உக்கிக் கிடக்கும் மண்படையிலும் தங்கி, மெல்லக் கசிகிறது. லயத்துப் பீலி (தோட்டக் குடியிருப்புக்கு மலைநீர் வந்து விழும் குழாய்) வற்றாததும் இதனால்தான்.

பொங்கும் தண்ணீரின் கதைதான் அபாரமானது. அது அப்போது பெய்த மழை என்றே நினைப்போம். பெரும்பாலும் அது பழைய மழை!

ஒட்சிசன் அணுக்களில் ஆயிரத்துக்கு இரண்டு, ஒட்சிசன்-18 என்ற கனமான சமதானி, அதாவது அதே ஒட்சிசனின் சற்று எடை கூடிய வகை. இந்த விகிதம் மழைக்கு மழை சிறிது மாறும். மண்ணுக்குள் பல மழைகள் கலந்து கிடப்பதால் நிலத்தடி நீரில் அது அதிகம் மாறாது. ஆகவே வெள்ளத்தில் ஒரு போத்தல் பிடித்துச் சோதித்தால் புதிது எவ்வளவு, பழையது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். 1970களிலிருந்து பல நாடுகளின் காட்டோடைகளில் இப்படிப் பார்த்தார்கள். வெள்ளத்தில் பாதிக்கு மேல் பழைய நீராகவே இருந்தது பல இடங்களில்.

நிறைந்து கிடக்கும் ஹோஸ் பைப்பைத் திறந்தால் மறுமுனையில் முதலில் வருவது உள்ளே இருந்த தண்ணீர்தானே? ஓடைக்கரை மண்ணும் அப்படித்தான். நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மண்ணின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி ஏறக்குறைய நிரம்பியே இருக்கும். கொஞ்ச மழை இறங்கினாலும் போதும், நீர்மட்டம் சட்டென்று எழும்பும். ஓடையை நோக்கிய சரிவு கூடும். உள்ளே கிடந்த நீர் வெளியே தள்ளப்படும். மழைத்துளி மண்ணுக்குள் ஊர்ந்து வர நாளாகலாம். அது கொடுக்கும் அழுத்தமோ உடனே வந்து சேர்கிறது.

இதற்கு மழையை உள்ளே விடும் மண் வேண்டும். காட்டு மண் அப்படிப்பட்டது. 1873இல் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். உச்சிகளில் இன்றும் காடு மிஞ்சியிருப்பதில் அந்தச் சொல்லுக்குப் பங்குண்டு. பெரிய நீர்த்தேக்கங்களை அளக்கிறோம். பீலிக்குத் தண்ணீர் தரும் சிற்றோடைகளையும் அளக்க நம் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வேண்டும். குடிப்பது நம் சனம்.

அருவிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.