சொல் விளக்கம்: பௌட்லரைஸ்

ஒருவர் எழுதிய நூலில் இன்னொருவர் புகுந்து, இளம் வாசகருக்கு ஆகாது என்று பட்டதை வெட்டியோ மாற்றியோ அச்சிட்டால் அதற்கு ஆங்கிலத்தில் 'பௌட்லரைஸ்' என்று பெயர். யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை.

தாமஸ் பௌட்லர் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரில் பிறந்த வினைச்சொல் இது. வீட்டுக் கூடத்தில் பெண்டு பிள்ளைகள் முன்னால் கூச்சமில்லாமல் உரக்கப் படிக்கத் தோதாக அவர் வெட்டித் திருத்திய ஷேக்ஸ்பியர், 1818இல் பத்துத் தொகுதிகளாக வந்தது. 'மெக்பெத்' நாடகத்தில் சீமாட்டி மெக்பெத் கையைத் தேய்த்தபடி 'நாசமாய்ப்போன கறையே' என்று கத்துவது அதில் 'செங்கறையே' ஆனது. 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒபிலியாவின் சாவில் தற்கொலையின் சாயல் போய், தவறி விழுந்ததாக மாறியது. பழி தாமஸுக்குப் போனாலும் கத்தரியை முதலில் எடுத்தவர் அவருடைய அக்கா ஹென்றியட்டா. 1807இல் 20 நாடகங்களைப் பெயர் போடாமல் வெளியிட்டார். விரசம் தனக்குப் புரிந்தது என்று மணமாகாத பெண் எப்படி ஒப்புக்கொள்வது? 1836க்குள் குடும்பப் பெயர் வசவாகவே அச்சேறிவிட்டது.

அன்று உறுத்தியவை காமமும் சாமி பெயரை இழுத்துத் திட்டுவதும். இன்று உறுத்துபவை நிறம், உடல், ஆண் பெண் பேதம். குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் கதை எழுதிய ரோல்ட் டால் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேலான பின், 2023இல், அவருடைய கதையில் வரும் 'குண்டுப்' பையனைப் பதிப்பகம் வெறும் 'பெரிய' பையனாக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய பாடமும் தனியாகக் கிடைக்கும் என்று அறிவித்தது. என்னைக் கேட்டால், இரண்டில் எது எது என்று அட்டையிலேயே போடுவதுதான் நாணயம்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தணிக்கை' என்றால் அரசின் கை நினைவுக்கு வரும், போதாததற்குக் கணக்குத் தணிக்கையும் குறுக்கே நிற்கும். 'இடக்கரடக்கல்' அழகான இலக்கணச் சொல்தான், ஆனால் பேசுபவர் தாமே நாசூக்காக மறைத்துச் சொல்வது அது. 'களையெடுப்பு' என்றால் நீக்கியதெல்லாம் களை என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதியதாகும். 'நூற்கத்தரிப்பு' பொருந்துகிறது. சென்சார் என்றாலே கத்தரி என்பது நமக்குப் பழகிய பேச்சு. மாற்றி எழுதுவதைக் கத்தரி முழுக்கக் காட்டாது என்ற குறை இருக்கட்டும்.

ஆசிரியரே மனம் மாறித் திருத்தினால் இந்தச் சொல் செல்லாது. தம் கதையில் வரும் சாக்லேட் தொழிற்சாலையின் குள்ளத் தொழிலாளர்களை ஆப்பிரிக்கர்களாக 1964இல் எழுதிய டால், கண்டனங்களுக்குப் பின் 1973இல் தாமே மாற்றினார். அது ஆசிரியர் திருத்தம்.