சர்க்கரை நோயாளிக்கு மறதி வந்தால்

"அம்மாவுக்கு இப்போதெல்லாம் எதுவும் நினைவில் நிற்பதில்லை, டாக்டர். வயதாகிவிட்டது, அவ்வளவுதான்." வேலூரிலிருந்து வந்தாலும் குடியாத்தத்திலிருந்து வந்தாலும் பிள்ளைகள் இப்படித்தான் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக இருக்கும் சர்க்கரை நோயை மறதியோடு சேர்த்துப் பார்ப்பவர் அரிது. சர்க்கரை காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று ஊருக்கே தெரியும். மூளையையும் அது விட்டுவைப்பதில்லை.

நெதர்லாந்தில் நடந்த ராட்டர்டாம் ஆய்வு, சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 1999இல் தெரிவித்தது. காரணம் ஒன்றல்ல. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகின்றன. இதற்கான சான்று மிக வலுவானது. இன்சுலினுக்கும் இதில் பங்கு உண்டு. மூளைச் செல்கள் கற்கவும் நினைவில் வைக்கவும் இன்சுலின் துணை செய்கிறது. உடல் இன்சுலினுக்குப் பணியாதபோது ரத்தத்தில் அது மிகுகிறது. இன்சுலினைச் சிதைக்கும் நொதிதான் அமைலாய்டு என்ற புரதக் கழிவையும் சிதைக்கிறது. நொதி இன்சுலினோடு மல்லுக்கு நிற்க, அமைலாய்டு தேங்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் உள்ளவர்களின் மூளையில் படிவது அந்தப் புரதமே.

இதை வைத்து, அல்சைமர் என்பது 'மூன்றாம் வகைச் சர்க்கரை நோய்' என்று கைப்பேசியில் வரும் காணொளிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு அல்ல அது. சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் அல்சைமர் வருகிறது. சர்க்கரை உள்ள பலர் தெளிந்த நினைவோடு வாழ்கிறார்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறொன்று: சர்க்கரை தாழ்ந்துபோவது. காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்ட பாட்டி, போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறார். பசியில்லை என்று இட்லியை ஒதுக்கிவிடுகிறார். ஆடிக் கிருத்திகை விரதமோ ரமலான் நோன்போ வந்தால், மாத்திரையை மாற்றியமைக்காமலே பட்டினி இருந்துவிடுகிறார். இளையவர்களுக்கு வரும் வியர்வையும் படபடப்பும் முதியவர்களுக்கு வராமலே போகலாம். பேச்சு குழறும், காரணமின்றிக் கோபம் வரும், வீட்டுக்குள்ளேயே வழி தெரியாது. "மறதி முற்றிவிட்டது" என்று வீட்டார் படுக்க வைத்துவிடுகிறார்கள். கடுமையான தாழ்சர்க்கரை மூளையைக் காயப்படுத்தும், மறதி கூடும், மாத்திரைக் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே மறதி தொடங்கிய முதியவருக்கு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c) 6.5 சதவீதத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பலருக்கு 8க்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

வைட்டமின் பி12 அளவையும் கேட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். குறைந்தால் மறதி வரும், காலத்தோடு கண்டுகொண்டால் சரியாகவும் கூடும். தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்துவைக்கும் பெட்டி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. மகளோ மருமகளோ பேரனோ கையில் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. திடீரென்று குழப்பம் தெரிந்தால் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்து, விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சுயநினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழையுங்கள்.