ஃபயர் கண்ட்ரோல் பிளான்னா திட்டம் இல்லீங்க, படம்

கப்பல்ல "ஃபயர் கண்ட்ரோல் பிளான்"னு ஒண்ணு மாட்டியிருப்பாங்க, அத நிறைய பேர் "தீக் கட்டுப்பாட்டுத் திட்டம்"னு தமிழ்ல எழுதிடுறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு ஆனா பொருளே மாறிப்போச்சு. தீப்பிடிச்சா யார் எங்க ஓடணும்ங்கறதுக்கு மஸ்டர் லிஸ்ட்னு தனியா ஒண்ணு இருக்கு. இது வெறும் படம். ஒவ்வொரு தளத்தையும் மேலருந்து பாத்த மாதிரி வரைஞ்சு, எந்தச் சுவர் தீயத் தாங்கும், தீயணைக்க தண்ணி எடுக்குற ஹைட்ரண்ட் எங்க, ஃபேன எங்க நிறுத்தணும், காத்துக்குழாய அடைக்கிற டேம்பர எங்க மூடணும், தப்பிக்கிற வழி எதுன்னு குறியீடு போட்டுக் காட்டுறது.

குழப்பம் பிளான்ங்கற சொல்லாலதான். லத்தீன்ல பிளானஸ்னா தட்டையானது. அது பிரெஞ்சு வழியா 17ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்தப்போ தாள்ல வரைஞ்ச படம்னுதான் அர்த்தம், திட்டம்ங்கறது பின்னாடி ஒட்டிக்கிட்டது. வீட்டுக்கு பிளான் போட்டாச்சுன்னு சொல்றோமே, அங்க பழைய பொருள் அப்படியே இருக்கு. ஃபயர் கண்ட்ரோல்லயும் ஒரு வில்லங்கம், போர்க்கப்பல்ல அப்படிச் சொன்னா பீரங்கிய குறிபாத்துச் சுடுற ஏற்பாடு!

என் ஓட்டு "தீக்காப்பு வரைபடம்"க்கு. தீயணைப்புன்னும் போடலாம், ஆனா அணைக்கிறது மட்டுமா, பரவாம தடுக்குற சுவரும் அதுல இருக்கே.

இதோட இன்னொரு பிரதிய கேபின் கட்டடத்துக்கு வெளிய, மழைத்தண்ணி போகாத பெட்டியில வைக்கணும்னு கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸோட விதி சொல்லுது, பெரும்பாலும் சிவப்புக் குழாயா இருக்கும். அது கப்பல்காரங்களுக்கு இல்ல, துறைமுகத்துல கரையிலருந்து ஏறி வர்ற தீயணைப்பு வீரர்களுக்கு, ஏன்னா கப்பலும் தெரியாது பாஷையும் தெரியாது, படத்த எடுக்க புகைக்குள்ளயா போவாங்க? படத்துல எழுதியிருக்குறது வேற பாஷையா இருந்தா இங்கிலீஷ் இல்ல பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கூட இருக்கணும்.

சில கப்பல்ல துறைமுகத்துல நிக்கும்போது கேங்வே, அதாவது கரையிலருந்து ஏறுற படிப்பாலம், அது பக்கத்துல "ஃபயர் வாலட்"னு ஒண்ணும் வைப்பாங்க. வரைபடத்தோட சரக்கு விவரம், ஆபத்தான சரக்கோட பட்டியல், ஆளுங்க பட்டியல், கப்பலோட நிலைப்புத்தன்மைக் கணக்கு எல்லாம் அதுல. தீயணைக்க கணக்கு எதுக்குன்னா, 1942 பிப்ரவரி 9 நியூயார்க்ல நார்மண்டி கப்பல் எரிஞ்சப்போ அடிச்ச தண்ணியே மேல்தளங்கள்ல தேங்கி, கப்பல் சாய்ஞ்சு மறுநாள் விடியறதுக்குள்ள கவுந்துடுச்சு.

வாலட்டுக்கு பணப்பைன்னு போட்டுடாதீங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அது வழிப்போக்கர் தூக்கிட்டுப் போற மூட்டைப் பை, பணம் வைக்கிற அர்த்தமெல்லாம் 19ஆம் நூற்றாண்டுலதான். "தீக்காப்பு ஆவணப் பை"ன்னா போதும்.